சங்கிலியைப் பூட்டியவர்கள்

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியும் முன்னே, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்து எரிந்தது. 28 பேர் இறந்துபோனார்கள். எழுந்து ஓடியிருக்கலாம், காலில் சங்கிலி இருந்தது. அந்த ஆகஸ்ட் மாதம் நினைவில் இருப்பவர்களுக்கு அதன் பிறகு வந்த வாரங்களும் நினைவிருக்கும். நாளிதழ்களின் முதல் பக்கத்தில் கருகிய கட்டில்களும் சங்கிலி கிடந்த சாம்பலும் வந்தன. தலையங்கங்கள் எழுதப்பட்டன, மேடைகளில் பேசினார்கள், சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் ஏர்வாடி என்ற பெயர் அடிபட்டது. எல்லோரும் இரண்டு காரணங்களைச் சொன்னார்கள். ஒன்று மூடநம்பிக்கை, இன்னொன்று காப்பகம் நடத்தியவர்களின் பேராசை. இரண்டுமே உண்மைதான். ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வி இருந்தது. அதை அன்று உரக்கக் கேட்டவர்கள் மிகக் குறைவு. இத்தனை பேரை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் யார், ஏன் விட்டார்கள் என்பதுதான் அது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. அன்று அந்தக் கேள்வியைத் தவிர்த்ததுதான் பிறகு வந்த திட்டங்களின் குறைகள் எல்லாவற்றுக்கும் வேர் என்று இன்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

கொண்டுவந்து விட்டவர்கள் பெற்ற தாயும் தகப்பனும், அண்ணனும் கணவனும். ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தவரும் நூற்றாண்டுகளாக வருகிறார்கள். மனசு சரியில்லாதவரை அங்கே தங்கவைத்தால், தர்கா விளக்கு எண்ணெயாலும் தீர்த்தத்தாலும் குணமாகும், குணமானதும் கனவில் உத்தரவு வரும், அதன்பின் வீடு திரும்பலாம் என்பது நம்பிக்கை. உத்தரவு வரும்வரை கூடவே தங்குவதற்குப் பல குடும்பங்களால் முடியாது. கூலி வேலை போகும், மற்ற பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும். அந்த இடைவெளியில்தான் காப்பகங்கள் முளைத்தன. மாதம் ஒரு தொகை அனுப்பினால் சோறு போட்டுப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். குடும்பங்கள் நம்பின, அல்லது நம்ப வேண்டிய நிலையில் இருந்தன. முதலில் மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தவர்கள் பிறகு பண்டிகைக்கு வந்தார்கள். அதன்பின் பணவிடை மட்டும் வந்தது. சிலருக்கு அதுவும் நின்றது. இதைக் கல்நெஞ்சம் என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் சொல்பவர், மனச்சிதைவு நோய் முற்றிய ஒருவரை எந்த உதவியும் இல்லாமல் ஓர் ஓட்டு வீட்டுக்குள் பத்து ஆண்டுகள் வைத்துப் பார்த்துக்கொள்வது என்னவென்று ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

அப்படிப்பட்ட வீட்டில் இரவு என்று ஒன்று கிடையாது. நோயாளி தூங்கமாட்டார், அவர் தூங்காதவரை தாயும் தூங்க முடியாது. கதவைத் திறந்து வெளியே நடந்துவிடுவார் என்பதற்காகச் சாவி முந்தானையில் முடியப்பட்டிருக்கும். அரிவாள்மணை பரணில் ஏறியிருக்கும், மண்ணெண்ணெய் பக்கத்து வீட்டில் இருக்கும். மாத்திரையை விஷம் என்று துப்புகிறவருக்கு அதைப் பொடித்துத் தயிர்சாதத்தில் பிசைந்து கொடுப்பார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். துக்க வீட்டுக்கோ கல்யாணத்துக்கோ குடும்பமாகப் போய்ப் பல வருடமாகியிருக்கும், யாராவது ஒருவர் காவலிருக்க வேண்டுமே. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அண்ணனை எங்கே மறைப்பது என்பதுதான் முதல் கவலை. அக்கம்பக்கம் முதலில் பரிதாபப்படும், பிறகு பயப்படும், கடைசியில் வீட்டுக்காரரிடம் சொல்லிக் காலிசெய்யச் சொல்லும். இந்த நிலையில் உள்ள குடும்பம் எங்காவது ஒரு கதவு திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் அங்கே போகும். ஏர்வாடியில் கதவு திறந்திருந்தது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவோ பல குடும்பங்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. சங்கிலியைப் பூட்டிய கையில் களைப்பு இருந்தது. அந்தக் களைப்பைப் பற்றி எந்த விசாரணையும் நடக்கவில்லை.

தீ விபத்துக்குப் பிறகு அரசு வேகமாகத்தான் செயல்பட்டது. ஆகஸ்ட் 13 அன்று அந்த மாதிரியான காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. அவற்றில் இருந்த 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். விசாரணை ஆணையம் அமைந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஓர் அரசு மனநல மருத்துவமனை இருக்க வேண்டும், மனநலச் சட்டம் எப்படி நடைமுறையில் உள்ளது என்று மாநிலங்கள் அறிக்கை தர வேண்டும் என்றெல்லாம் உத்தரவுகள் வந்தன. இவை தேவையானவை, இவற்றைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் காப்பகங்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர் உறவினர்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டார்கள். தாங்க முடியாமல் கொண்டுவந்து விட்ட அதே வீட்டுக்கு, தாங்குவதற்கான எந்தப் புதிய உதவியும் இல்லாமல் அவர்கள் போனார்கள். வழியனுப்பியபோது கையில் கொடுத்தது மாத்திரைச் சீட்டு. அந்த மாத்திரை தீர்ந்தபின் எங்கே வாங்குவது, நோயாளி வர மறுத்தால் மருத்துவர் வீட்டுக்கு வருவாரா, தாய்க்கு உடம்பு முடியாமல் போனால் அந்த ஒரு வாரம் யார் பார்ப்பது? இவை எதற்கும் எந்த உத்தரவிலும் பதில் இல்லை.

மக்களின் அறியாமைதான் காரணம், நோய் என்று புரியாமல்தானே பேய், செய்வினை என்று அலைந்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். புரிய வைத்தால் போதும் என்பது அவர்கள் வாதம். புரிந்தவர்கள் என்ன செய்ய முடிந்தது என்று பார்த்தால் இந்த வாதம் நிற்காது. தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் 70 முதல் 92 விழுக்காடு வரை, நோய்க்கு நோய் மாறுபட்டு, சிகிச்சை பெறாமலே இருக்கிறார்கள் என்று காட்டியது. அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொன்னது. குடும்பங்கள் மாதம் 1000 முதல் 1500 ரூபாய் வரை செலவிடுகின்றன, அது பெரும்பாலும் சிகிச்சைக்கும் அதற்காகப் போய்வரவும் போகிறது. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ஆனால் அதை வாங்க ஒரு நாள் கூலியும் இரண்டு பேரின் பேருந்துக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் வேண்டும். பேருந்தில் நோயாளி சத்தம் போட்டால் நடத்துநர் பாதி வழியில் இறக்கிவிடுவதும் உண்டு. நம்பிக்கையும் மருத்துவமும் ஒன்றையொன்று அழித்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிற்காலத்தில் ஏர்வாடி தர்காவை ஒட்டியே அரசு மனநல மருத்துவச் சேவை தொடங்கப்பட்டது. தொழுகைக்கு வந்தவர்கள் மருந்தும் வாங்கிக்கொண்டு போனார்கள். தடுத்துக்கொண்டிருந்தது தூரமும் செலவும் களைப்பும்தான். அவை குறைந்த இடத்தில் மக்கள் மருத்துவத்தை ஏற்க மறுக்கவில்லை.

இன்னொரு எதிர்வாதம் மேலும் மரியாதைக்குரியது, ஆராய்ச்சியின் பலமும் அதற்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிப் பல நாடுகளில் நடத்திய மனச்சிதைவு ஆய்வில் இந்தியாவிலிருந்து ஆக்ராவும் இடம்பெற்றது. பணக்கார நாடுகளைவிட இந்தியா போன்ற நாடுகளில் நோயாளிகள் நன்றாகத் தேறுகிறார்கள் என்று அதில் தெரியவந்தது. சென்னையில் 1981ல் தொடங்கி, முதன்முறையாக நோய்க்கு ஆளான 90 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்விலும் பத்தாண்டு முடிவில் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தார்கள். காரணங்களைத் தேடியவர்கள் முதலில் சுட்டியது குடும்பத்தை. நோயாளியை வெளியே தள்ளாமல் சோற்றிலும் வேலையிலும் சடங்கிலும் பங்கு கொடுத்து வைத்துக்கொண்ட குடும்பம். இதைக் காட்டி, நம் குடும்பங்களுக்கு இயல்பாகவே அந்தப் பலம் இருக்கிறது, வெளியிலிருந்து எதற்கு உதவி என்று கேட்கிறார்கள். என் பதில் இதுதான்: அந்த ஆய்வுகள் நோயாளி எவ்வளவு தேறினார் என்று அளந்தன. அவரைத் தேற்றிய பெண் என்ன ஆனாள் என்று அளப்பது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை. பின்னாளில் சென்னையில் மனநல மருத்துவர் ஆர். தாராவும் உடன் பணியாற்றியவர்களும் மனச்சிதைவால் மணவாழ்வு முறிந்த பெண்களைப் பற்றி ஆராய்ந்தபோது அந்தக் கணக்கின் மறுபக்கம் வெளிப்பட்டது. கணவன் வீடு கைவிட்ட பெண்ணைத் தாங்கிக்கொண்டிருந்தவர்கள் வயதான பெற்றோர்கள். எங்களுக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்பதுதான் அவர்களை அரித்த கவலை. குடும்பத்தின் பலத்தைப் புகழ்ந்துகொண்டே அந்தப் பலத்தின் மேல் மட்டும் பாரத்தை ஏற்றுவது நியாயமில்லை. அன்றைய கூட்டுக்குடும்பத்தில் பெரியம்மா, சித்தி, அத்தை என்று ஆள் மாற்றிப் பார்த்துக்கொண்ட வேலையை இன்றைய இரண்டு அறை வீட்டில் ஒருத்தி தனியாகச் செய்கிறாள்.

குடும்பத்தைச் சிகிச்சையின் பங்காளியாக மதிக்க வேண்டும் என்பது நமக்கு வெளியூர்ச் சரக்கும் இல்லை, நேற்று வந்த யோசனையும் இல்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தாமல் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். நோய் என்ன, எப்படிப் பேச வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று அவர்களுக்கு நாள்தோறும் விளக்கினார். நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம் 1957ல் தொடங்கியபோது, நோயாளியோடு உறவினர் ஒருவர் தங்குவதையே சிகிச்சை முறையாக வைத்துக்கொண்டது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் ஓய்வு பெற்றபின், 1984ல் சென்னையில் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப் உருவாகக் காரணமாக இருந்தார். பூட்டிய வார்டுக்குள் பல ஆண்டு வேலை செய்தவர், நோயாளியின் வாழ்க்கை வார்டுக்கு வெளியேதான் தீர்மானமாகிறது என்பதைச் செயலில் காட்டினார். மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பத்தினரே சேர்ந்து நடத்திய ஆஷா அமைப்பும் சென்னையில்தான் வளர்ந்தது. 1993ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய தி பான்யன், தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்தது. வழி தவறி வந்த பெண்ணின் ஊரைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய் விட்டால், பல வீடுகள் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டன. ஆனால் ஏற்றுக்கொண்ட வீடு மாதாமாதம் மருந்தும் விசாரிப்பும் இல்லாமல் நீடிக்காது என்பதைக் கண்டதால்தான் அந்த அமைப்பின் வேலை அடைக்கலத்தோடு நிற்காமல் ஊர்களுக்குள் விரிந்தது. இவ்வளவு அனுபவமும் நம் மண்ணிலேயே இருந்தது. 2001க்குப் பிறகு கட்டடங்களைப் பற்றிப் பேசியவர்கள் இவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளத் தவறினார்கள்.

வீட்டுக்கே ஆள் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சோதித்துப் பார்த்த சான்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் காஞ்சிபுரம், மகாராஷ்டிரத்தில் சதாரா, கோவா ஆகிய மூன்று இடங்களில் 282 மனச்சிதைவு நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2014ல் லான்செட் இதழில் அதன் முடிவு வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் கிடைத்தது. இன்னொரு பிரிவினருக்கு அதோடு உள்ளூர்ப் பணியாளர்களும் வீடு தேடி வந்தார்கள். அந்தப் பணியாளர்கள் மருத்துவர்களும் செவிலியர்களும் அல்ல. பத்தாம் வகுப்பு அளவுக்குப் படித்து, உள்ளூர் மொழி பேசி, சில வாரப் பயிற்சி பெற்றவர்கள். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்தார்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினார்கள், உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று வழிகாட்டினார்கள். ஓராண்டு முடிவில், ஆள் வந்துபோன வீடுகளின் நோயாளிகளிடம் நோய்க்குறிகளும் செயலிழப்பும் கூடுதலாகக் குறைந்திருந்தன. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் முன்னேற்றம் மிதமானதுதான், பெரிய அதிசயம் என்று ஆய்வாளர்களே சொல்லவில்லை. ஆனால் மருத்துவ வசதி குறைந்த கிராமப்புறமான காஞ்சிபுரத்தில் பலன் மற்ற இரண்டு இடங்களைவிடத் தெளிவாக இருந்தது. எங்கே ஒன்றுமே இல்லையோ அங்கே ஒரு மனிதர் வந்து கதவைத் தட்டுவது அதிகமாகப் பயன்படுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பக்கத்து மாநிலமான கேரளம் இன்னொரு வழியில் இதே இடத்துக்கு வந்தது. 1993ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய வலிநிவாரண, ஆதரவு சிகிச்சைச் சங்கம், முதலில் புற்றுநோயாளிகளின் வலியைத் தணிக்க வந்தது. வலி தணிந்தபின்னும் வீட்டின் துன்பம் தீரவில்லை. அரிசி இல்லை, பிள்ளையின் படிப்பு நின்றுவிட்டது, படுக்கைப் புண்ணைத் துடைக்க ஆளில்லை. மருத்துவர்கள் இதைத் தனியே தீர்க்க முடியாது என்று கண்டு ஊர்க்காரர்களை அழைத்தார்கள். குறுகிய பயிற்சி பெற்று வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஆசிரியர், கடைக்காரர், ஓய்வு பெற்றவர், மாணவர் என்று ஆள் சேர்ந்தது. மலப்புறம் மாவட்டத்தில் இந்த அண்டை வீட்டு வலைப்பின்னல் ஊர்தோறும் பரவியது. 2008ல் கேரள அரசு ஆதரவு சிகிச்சைக்கென்றே கொள்கை அறிவித்து, உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாக அதை ஆக்கியது. செவிலியர் ஒருவர் வண்டியில் வீடு வீடாகப் போவது ஊராட்சியின் வழக்கமான வேலையாயிற்று. அதே வலைப்பின்னலின் தொண்டர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கோழிக்கோட்டின் மனநலச் செயல்பாட்டு அறக்கட்டளை ஏழை மனநோயாளிகளுக்கு அவர்கள் ஊரிலேயே இலவசச் சிகிச்சை கொடுக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவரையும் முழுநேரமும் துணை தேவைப்படுபவரையும் வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கே மாதம் 600 ரூபாய் தரும் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டமும் அங்கே உண்டு. தொகை மிகச் சிறியது. ஆனால் பார்த்துக்கொள்பவர் என்ற ஓர் ஆள் இருக்கிறார், அவருக்கும் ஒரு வாழ்க்கை உண்டு என்று அரசின் ஏடு ஒப்புக்கொள்கிறது. அதுவே ஒரு தொடக்கம்.

பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பணமா, பாசத்துக்கு விலை போடுவதா என்று இங்கே சிலர் முகம் சுளிப்பார்கள். பாசத்துக்கு யாரும் விலை கேட்கவில்லை. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்ததால் அந்தத் தாய் இழந்த கூலி இருக்கிறதே, அதற்குத்தான் கணக்கு. 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே, கூடுதல் துணை தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை என்று 24ஆம் பிரிவில் சொல்கிறது. பாசத்தைக் கெடுக்கும் என்று நினைத்திருந்தால் நாடாளுமன்றம் அதை எழுதியிருக்காது. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்கிறது. நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளியோடு துணைக்கு வருபவருக்கும் 2021 முதல் கட்டணமில்லை. இவை நல்ல திட்டங்கள், குடும்பங்கள் இவற்றை நம்பி வாழ்கின்றன. சிக்கல் அவற்றை அடையும் பாதையில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முதல் படி அடையாள அட்டை. மனநோய்க்கு அட்டை வேண்டுமென்றால் பாதிப்பு 40 விழுக்காடு என்று அரசு மனநல மருத்துவர் சான்றளிக்க வேண்டும். அதற்கு நோயாளி நேரில் வந்து வரிசையில் நிற்க வேண்டும். தனக்கு நோயே இல்லை என்று உறுதியாக நம்புவதுதான் அந்த நோயின் குணம். அவரை எப்படி அழைத்துவருவது? தற்காலிகச் சான்று என்றால் சில ஆண்டுகளில் மறுபடியும் அதே வரிசை. கை கால் இழந்தவரை மனதில் வைத்து வகுத்த நடைமுறையை மனம் நொந்தவருக்கும் அப்படியே பொருத்தினால், உதவி மிகவும் தேவைப்படும் வீடுதான் முதலில் விட்டுப்போகும்.

பணம் ஏது என்று கேட்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. தாங்க முடியாமல் உடைந்த குடும்பத்தின் செலவை இறுதியில் அரசுதான் ஏற்கிறது. நோயாளி தெருவுக்கு வந்தால் காவல்துறை, மீட்புக் குழு, அரசு மருத்துவமனையில் பல ஆண்டுப் படுக்கை, பிறகு இல்லம் என்று அந்தச் செலவு நீள்கிறது. கீழ்ப்பாக்கத்தில் நோய் தணிந்த பிறகும் கூட்டிப்போக யாரும் வராமல் பல ஆண்டுகள் தங்கிவிட்டவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் பெண்ணியவாதிகளிடமிருந்து வருகிறது. அதில் நியாயம் இருக்கிறது என்று நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். குடும்பத்துக்கு உதவி என்று சொல்லும்போது நடைமுறையில் அது வீட்டுப் பெண்ணுக்குத்தான் உதவி. சிறு தொகையும் பயிற்சியும் கொடுத்து அவளை அந்த வேலையிலேயே நிரந்தரமாகக் கட்டிப்போடுவதாக அது ஆகிவிடாதா? 2024ன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், குடும்பத்தினரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 137 நிமிடமும் ஆண்கள் 75 நிமிடமும் அதற்குச் செலவிட்டார்கள். 15 முதல் 59 வயதுக்குள் உள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் அந்த வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் அதில் பாதிப் பேர்தான். வீட்டு வேலை இதில் சேராது, அது தனி. ஆகவே உதவி என்பது பணத்தோடு நின்றால் இந்த ஆட்சேபம் உண்மையாகிவிடும். பெண்ணை விடுவிப்பது நேரம். காலையில் நோயாளி போய் மாலையில் திரும்பும் பகல்நேர மையம், வருடத்தில் சில வாரமாவது அவரைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம், நெருக்கடி வந்த இரவில் அழைத்தால் வரும் குழு, இவை இருந்தால்தான் அவளால் வேலைக்குப் போகவும் தன் நோய்க்கு மருத்துவம் பார்த்துக்கொள்ளவும் முடியும். குடும்பமே இல்லாதவர்களுக்கும், குடும்பம் உண்மையிலேயே முடியாது என்று சொல்லிவிட்டவர்களுக்கும் வேறு ஏற்பாடு வேண்டும். பெரிய விடுதியில் அடைக்காமல், சாதாரணத் தெருவில் வாடகை வீடு பிடித்து நாலைந்து பேரைத் துணையாளோடு வாழவைக்கும் முறையை பான்யன் ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில் 2015 முதல் நடத்திக் காட்டியிருக்கிறது. அப்படியொரு மாற்று வழி இருக்கும்போதுதான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது ஒரு தாயின் சுயமான முடிவாகும். வேறு வழியே இல்லாதபோது அதற்குப் பெயர் கட்டாயம்.

சட்டம் இதையெல்லாம் ஏற்கெனவே சொல்லிவிட்டது என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 95ஆம் பிரிவில் தடை செய்தது. ஏர்வாடியின் நேரடிப் பாடம் அது, எல்லோருக்கும் தெரிந்த பிரிவும் அதுதான். அதே சட்டத்தின் 18ஆம் பிரிவை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இடைநிலை இல்லங்கள், துணையோடு கூடிய தங்குமிடங்கள் ஆகியவற்றோடு, மனநோயாளியின் குடும்பத்துக்கு ஆதரவளிக்கும் சேவைகளையும் வீட்டிலேயே தரும் மறுவாழ்வையும் அரசு ஏற்படுத்த வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் உள்ள சட்டம். சங்கிலியைத் தடை செய்யும் பிரிவைக் காவல்துறை அமல்படுத்தும், ஆய்வாளர் வந்து பார்ப்பார், பத்திரிகையில் செய்தி வரும். குடும்பத்துக்கு ஆதரவு என்ற பிரிவை அமல்படுத்தத் தனி அலுவலரும் இல்லை, தனிப் பதிவேடும் இல்லை. தண்டிக்கும் பாதியை எடுத்துக்கொண்டு தாங்கும் பாதியை விட்டுவிட்டோம். அதனால்தான் காப்பகங்களில் காணாமல்போன சங்கிலி, உள்கிராமத்து வீடுகளின் பின்கட்டில் திரும்பவும் கண்டுபிடிக்கப்பட்டு அவ்வப்போது செய்தியாகிறது. அந்த வீட்டின் தகப்பனைக் கைது செய்வது எளிது. அவர் எத்தனை முறை எந்த அலுவலகங்களின் வாசலில் நின்றார் என்று கேட்டு எழுதிய செய்தி அபூர்வம்.

இதற்குப் புதிதாக ஒரு பெரிய துறை தேவைப்படாது. ஏர்வாடித் தீ நடந்து இருபது ஆண்டு நிறைய ஒரு நாள் இருந்தபோது, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, இயன்முறைச் சிகிச்சையும் படுக்கை நோயாளிக்கான ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அதைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்த பெண். மருத்துவமனைதான் வீட்டுக்கு வர வேண்டும் என்ற கொள்கையை இந்த மாநிலம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தப் பெண்ணின் பையில் மனநல மாத்திரையும் முறையாக இடம்பெற வேண்டும். அவருக்குக் கூடுதல் ஊதியமும், காஞ்சிபுரத்தில் கொடுத்ததுபோல் சில வாரப் பயிற்சியும் வேண்டும். அவர் கையில் இருக்கும் பதிவேட்டில் நோயாளிக்கு அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்பவரின் பெயர், வயது, தூக்கம், உடல்நலம் எழுத இடம் வேண்டும். அந்தக் கட்டம் நிரம்பினால்தான் எழுபது வயதுத் தாய் தனியாக நாற்பது வயது மகனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனை என்று மாவட்ட ஆட்சியருக்குத் தெரியவரும். தெரிந்தால்தான் எந்த வட்டத்தில் பகல்நேர மையம் முதலில் வர வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்.

இதைப் படிப்பவர்களில் சிலர் வீட்டிலேயே இந்தப் பாரம் இருக்கும். அவர்களுக்குத் தெரியவேண்டியது: 14416 என்ற மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள், நோயாளிக்காக மட்டுமல்ல, பார்த்துக்கொள்ளும் உங்களுக்காகவும் அழைக்கலாம். மற்றவர்களிடம் கேட்க இரண்டு இருக்கிறது. உங்கள் தெருவில் அப்படியொரு வீடு இருந்தால், அந்தத் தாய் வங்கிக்கோ மருத்துவமனைக்கோ போய்வரும்வரை இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் உட்காருங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், நகரமென்றால் வார்டு கூட்டத்தில், எழுந்து நின்று கேளுங்கள்: மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்லும் குடும்ப ஆதரவுச் சேவை நம் ஒன்றியத்தில் எங்கே நடக்கிறது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.